உடையும் உருவும்: ஓவியர் ரவிவர்மாவின் வாழ்வு

பழைய உருவப்படம் ஒன்றைக் காண்பவர் பெரும்பாலும் முதலில் முகத்தையே நோக்குவர். கண்ணின் ஒளி, இதழின் நகை, நெற்றியின் பொலிவு ஆகியவற்றைக் கண்டு, இவர் இன்ன இயல்பினர் என்று முடிவு கட்டுவர். நெசவுக்குப் பேர் பெற்ற மருதமுனையிற் பிறந்த எனக்கோ, முகத்துக்கு முன்னரே துணி கண்ணிற் படுகின்றது. கரை எத்தனை விரல் அகலம், முந்தானையில் ஓடுவது பொற்சரிகையா வெறும் மஞ்சள் நூலா, பாவு மெல்லிய நூலா பருநூலா என்பவற்றை நோக்கிய பின்னரே உடுத்தியவரின் முகத்துக்கு என் பார்வை ஏறுகின்றது. இப்பழக்கம் குறையன்று என்பது என் கருத்து. உருவப்படம் எழுதுவித்த பழங்காலத்தார் தம் முகத்தைக் காட்ட எவ்வளவு விழைந்தனரோ, அவ்வளவுக்குத் தம் உடையைக் காட்டவும் விழைந்தனர். முகம் பிறப்பால் வந்தது. உடையோ உலகில் அவர்க்கு வாய்த்த நிலையைச் சொல்வது.

1434ஆம் ஆண்டில் யான் வான் ஐக் என்னும் ஓவியர், புரூஜ் நகரில் வாழ்ந்த இத்தாலிய வணிகர் ஒருவரையும் அவர் பக்கத்தே ஒரு பெண்ணையும் இல்லத்து அறையில் நிறுத்தி வரைந்தார். ஆர்னொல்பினி தம்பதியர் படம் என்று பெயர் பெற்ற அவ்வோவியம் இன்று இலண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கின்றது. ஆடவர் மேனியில் மென்மயிர்த் தோல் வைத்துத் தைத்த மேலங்கி. பெண் கையால் ஏந்திப் பிடித்தும் தரையிற் புரளும் பச்சைத் துணி. அத்துணியின் மிகுதியே அவ்வீட்டின் செல்வத்துக்கு எழுதிய உறுதி. ஐரோப்பாவின் இல்லத்து உருவப்படங்கள் பலவும் இவ்வாறு துணியால் எழுதிய உறுதிகளே எனலாம்.

நம் அயல்நாடாகிய இந்தியாவில் இவ்வுண்மையை நுணுகி அறிந்து, அதனால் உயர்ந்து, அதனாலேயே பழிக்கவும் பட்டவர் ஒருவர் உளர். அவர் இராஜா ரவிவர்மா. அவர் வரைந்த தெய்வ உருவங்களைக் காணாத தமிழர் மிகச் சிலரே. ஆயினும் இல்லத்துப் பெண்டிரை அவர் வரைந்த படங்களே என் உள்ளத்தைப் பெரிதும் ஈர்ப்பவை. யார் எதை உடுக்கலாம் என்னும் வினாவால் தெருக்களிற் கலகம் மூண்ட ஒரு நாட்டில் அவை பிறந்தன. அவ்வினாவை மறவாமல் அவர் வாழ்க்கையைச் சொல்லுதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கிளிமானூர்ச் சிறுவன்

ரவிவர்மா 1848ஆம் ஆண்டு ஏப்ரல் 29ஆம் நாள், திருவிதாங்கூர் நாட்டிலுள்ள கிளிமானூர் அரண்மனையிற் பிறந்தார். தந்தை எழுமாவில் நீலகண்டன் பட்டதிரிப்பாடு வடமொழி வல்லவர். தாய் உமா அம்பா பாய் கவிதை புனையும் ஆற்றல் வாய்ந்தவர். அந்நாட்டு மருமக்கள் தாய முறைப்படி பிள்ளைகள் தாயின் குடியைச் சேர்ந்தோராவர். வீட்டின் தலைமை தாய்மாமனிடம் இருக்கும். இம்முறையை இலங்கையின் கீழ்க்கரையில் வாழ்வோர்க்கு நீட்டி விளக்க வேண்டியதில்லை. இங்கே முஸ்லிம்களும் தமிழரும் தாய்வழியாகவே குடிப்பெயர் பெறுகின்றனர். வீடும் வளவும் பெண்ணுக்குச் சீதனமாகின்றன; மணமகன் மனைவியின் வீட்டுக்குச் சென்று வாழ்கின்றான். ஆதலால் ரவிவர்மா வளர்ந்த வீட்டின் அமைதி நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று.

தாய்மாமனாகிய ராஜராஜவர்மாவே அவருக்கு முதல் ஆசான். அரண்மனைச் சுவர்களிற் கரித்துண்டால் யானையும் குதிரையும் கிறுக்கிய சிறுவனைத் தண்டியாமல், அவன் கையிலே தூரிகையைக் கொடுத்தவர் அவர் என்பர். அம்மாமன் பயின்றது தஞ்சாவூர் முறை. அம்முறையில் ஆடைக்கும் அணிக்கும் உரிய இடங்கள் சுண்ணச் சாந்தினால் மேடுற அமைக்கப்படும், அவற்றின்மேல் பொன்தகடு ஒட்டப்படும், நிறக்கற்களும் பதிக்கப்படும். கண்ணனின் பட்டாடைக் கரையில் மின்னுவது மெய்யான பொன்னேயாகும். பொன்னின் எடை கூடக்கூடப் படத்தின் விலையும் கூடும். படத்தை வைத்திருப்பவரின் மதிப்பும் உயரும்.

1862ஆம் ஆண்டில், பதினான்கு வயதில், ரவிவர்மா திருவனந்தபுரத்துக்கு அழைத்துச் செல்லப்பட்டார். மகாராஜா ஆயில்யம் திருநாள் கலைகளைப் போற்றியவர். எண்ணெயிற் குழைத்த வண்ணத்தால் துணியில் வரையும் மேனாட்டு முறை அப்போதுதான் அவ்வரசவையில் மதிப்புப் பெறத் தொடங்கியிருந்தது. அதனை அறிந்திருந்த அரண்மனை ஓவியர் இராமசாமி நாயக்கர், இளைஞரின் திறனைக் கண்டு அஞ்சிக் கற்பிக்க மறுத்தார். அவருடைய மாணவர் ஆறுமுகம்பிள்ளை என்பவர், ஆசிரியர் அறியாவண்ணம் சிறிது உதவினார் என்று வரலாறு கூறுவோர் எழுதுவர். 1868இல் தியோடர் ஜென்சன் என்னும் ஐரோப்பிய ஓவியர் மகாராஜாவை வரைய வந்தபோதும், அருகில் நின்று பார்க்கும் இசைவே ரவிவர்மாவுக்குக் கிடைத்தது. கேட்டுக் கற்க வழியற்றவர் பார்த்துக் கற்றார். தாமே வண்ணம் குழைத்துப் பிழைத்துப் பிழைத்துத் தேர்ந்தார்.

எண்ணெய் வண்ணம் மெல்லவே உலரும். ஒரு படையின்மேல் மற்றொரு படையை ஏற்றி, ஒளியையும் நிழலையும் இழையவைக்க அது இடந்தரும். மெல்லிய மேற்சீலையின் ஊடே தோளின் நிறம் தெரிவதையும், பட்டின் மடிப்பில் ஒளி வழுக்கிச் செல்வதையும் அதனாற் காட்டலாம். சரிகையின் மின்னலை மஞ்சளும் பழுப்பும் சிறிது வெண்மையும் கொண்டே தோற்றுவிக்கலாம். மாமன் பொன்னை ஒட்டிக் காட்டிய கரையை, மருமகன் பொன் ஒரு துகளும் இல்லாமற் காட்டினார். படத்தின் மதிப்புப் பொன்னின் எடையை விட்டுக் கைத்திறனுக்கு மாறிய இடம் இது. தறியில் அமர்ந்தவர் எவரும் இதன் அருமையை உணர்வர்.

சீலையும் சட்டமும்

இங்கே அந்நாட்டின் நிலைமையைச் சிறிது சொல்லாமற் செல்லலாகாது. அக்காலத் திருவிதாங்கூரில் உடை அவரவர் விருப்பத்துக்கு உரியதாய் இருக்கவில்லை. பிறந்த குலத்துக்கு ஏற்ப முழங்காலுக்கு எவ்வளவு கீழே துணி இறங்கலாம், மார்பை எவ்வாறு மூடலாம் அல்லது மூடாதிருக்க வேண்டும் என்பன எல்லாம் வரையறுக்கப்பட்டிருந்தன. நாடார் குலத்துப் பெண்டிர் கிறிஸ்தவ சமயம் தழுவிய பின்னர் மேலுடை அணிய முற்பட்டனர். சிரியக் கிறிஸ்தவப் பெண்டிரும் மாப்பிள்ளை முஸ்லிம் பெண்டிரும் அணிந்தது போன்ற குப்பாயத்தை அவர்கள் அணியலாம் என்று, ஆங்கிலப் பிரதிநிதி கேணல் மன்றோ காலத்தில் 1813இல் இசைவு தரப்பட்டது. உயர்குலத்தார் அணிவது போன்ற தோட்சீலைக்கு அவ்விசைவு இல்லை. 1829இல் வெளிவந்த அரசாணை அத்தடையை மீண்டும் உறுதிப்படுத்தியது. சந்தைகளிலும் தெருக்களிலும் பெண்டிரின் மேலாடைகள் கிழித்தெறியப்பட்டன. வழிபாட்டு இல்லங்கள் தீக்கிரையாயின. 1858, 1859ஆம் ஆண்டுகளிற் கலகம் முற்றியது.

1859 ஜூலை 26ஆம் நாள் மகாராஜா உத்திரம் திருநாள் ஓர் ஆணை பிறப்பித்தார். நாடார் குலப் பெண்டிர் குப்பாயம் அணியலாம். முரட்டுத் துணியால் மார்பை மூடலாம். ஆயின் உயர்குலப் பெண்டிர் உடுக்கும் முறையில் மாத்திரம் உடுத்தலாகாது என்பது அதன் சாரம். நாணத்தைக் காத்துக்கொள்ள இடங்கொடுத்த ஆணை, ஒத்த தோற்றத்துக்கு இடங்கொடுக்கவில்லை. அப்போது கிளிமானூரில் ரவிவர்மாவுக்கு வயது பதினொன்று. எந்தத் தோட்சீலையின் பொருட்டு நாட்டின் தென்பகுதியிற் குருதி சிந்தப்பட்டதோ, அதே தோட்சீலையைத் தம் வீட்டு மகளிர் மேனியில் நாள்தோறும் கண்டு வளர்ந்த சிறுவன் அவர். அவர் பிற்காலத்தில் எழுதிய வெண்டுகிற் பெண்டிரைப் பார்க்கும்போது இவ்வாண்டை நினைவில் நிறுத்துதல் நலம்.

கூலி பெற்ற கோமகன்

1866இல் மாவேலிக்கரை அரச குடும்பத்துப் பகீரதி பாயை அவர் மணந்தார். பகீரதியின் தமக்கையாகிய லட்சுமி பாய் திருவிதாங்கூர் அரச குடும்பத்துக்குத் தத்தெடுக்கப்பட்டவர். ஆதலின் இம்மணம் அவரை அரியணைக்கு நெருங்கிய உறவினராக்கியது. இத்தகைய குலத்தவர் தம் களிப்புக்காக வரையலாம். கூலிக்கு வரைதல் கைவினைஞர் தொழில் என்று கருதப்பட்ட காலம் அது. அக்கட்டை ரவிவர்மா உடைத்தார். 1870இல் மூகாம்பிகை கோயிலுக்குச் சென்று வழிபட்டபின், கோழிக்கோட்டில் நீதிபதியாயிருந்த கிழக்கே பாலாட்டுக் கிருஷ்ண மேனனின் குடும்பத்தை வரைந்து பணம் பெற்றார். கூலி பெற்று அவர் வரைந்த முதற்படம் அரசரின் படமன்று, ஓர் இல்லத்தின் படம் என்பது கருதத்தக்கது. ஆங்கில ஆட்சியின் உத்தியோகத்தால் உயர்ந்த புதிய வகுப்பார், முன்பு அரசர்க்கே உரியதாயிருந்த உருவப்படத்தைத் தம் கூடத்திலும் மாட்ட விரும்பினர். புதிய நிலைக்கு ஒரு சான்று வேண்டியிருந்தது. தூரிகை அதனை எழுதிக் கொடுத்தது. பின்னர் மகாராஜாவிடம் வீரசிருங்கலை என்னும் பொற்காப்பையும் அவர் பெற்றார்.

1873ஆம் ஆண்டில் சென்னையில் நடந்த ஓவியக் காட்சியில், கூந்தலுக்கு மலர் சூடும் நாயர் குலமகள் ஒருத்தியின் படத்துக்கு ஆளுநரின் பொற்பதக்கம் கிடைத்தது. அதே ஆண்டு வியன்னா நகரத்து உலகக் கண்காட்சியிலும் அது பாராட்டுப் பெற்றது. அப்பெண்ணின் உடை வெண்மையானது. பலநிறப் பட்டும் அடர்ந்த வேலைப்பாடும் அங்கே இல்லை. எளிய உடை என்று கண்டோர் எண்ணக்கூடும். நெசவாளன் அவ்வாறு எண்ணமாட்டான். நிறத்துணியில் ஓர் இழை அறுந்தாலும் நிறம் அதனை மறைத்துவிடும். வெண்டுணியில் இழையறுந்த இடம் அக்கணமே தெரிந்துவிடும். வெண்மை மாசுறாதிருக்க வேண்டுமாயின், உடுத்தியவர் வயலில் இறங்காதவராகவும் அடுப்பண்டை நில்லாதவராகவும் இருத்தல் வேண்டும். வெளுப்பதற்கு வண்ணார் நாடோறும் வந்து செல்லுதல் வேண்டும். ஆகவே அவ்வெண்டுகில் பிறர் பலரின் உழைப்பினால் வெண்மையாய் இருந்தது. கேரளத்து உயர்குடி தன் செல்வத்தை நிறத்தாற் காட்டாமல் தூய்மையாற் காட்டியது.

அத்தகைய துணி எங்கிருந்து வந்தது என்று கேட்பின், விடை தமிழர்க்கு மகிழ்வூட்டுவது. திருவனந்தபுரத்துக்கு அணித்தே பாலராமபுரம் என்றோர் ஊர் உண்டு. 1798இல் அரசுக்கு வந்த பாலராமவர்மா காலத்தில், அரச குடும்பத்துக்கு மெல்லிய வேட்டியும் நேரியதும் நெய்தற்காகத் தமிழகத்துச் சாலியர்கள் அங்கே குடியேற்றப்பட்டனர். பொற்கரையிட்ட வெண்டுகிலுக்கு அவ்வூர் இன்றும் பேர் பெற்றது. கேரளத்தின் அடையாளமென உலகம் போற்றும் உடைக்குப் பின்னே தமிழ் நெசவாளரின் கை இருக்கின்றது. அக்கைகளை எந்தச் சித்திரச் சட்டத்துள்ளும் நான் கண்டதில்லை.

1874இல் நரம்புக் கருவி மீட்டும் தமிழ்ப்பெண்ணின் படம் பரிசு பெற்றது. மறு ஆண்டு வேல்ஸ் இளவரசர் இந்தியாவுக்கு வந்தபோது, திருவிதாங்கூர் மகாராஜா ரவிவர்மாவின் ஓவியங்களை அவருக்குப் பரிசளித்தார். 1876இல் காதற்கடிதம் எழுதும் சகுந்தலையின் படம் பொற்பதக்கம் பெற்றது. சென்னை ஆளுநர் பக்கிங்ஹாம் கோமகன் அதனை வாங்கினார். 1878இல் அவ்வாளுநரையே முழுவுருவில் வரையும் பணியும் ரவிவர்மாவைத் தேடி வந்தது. ஆங்கில ஆளுநர் ஒருவர் இந்தியர் ஒருவரின் முன்னே அவர் சொன்னபடி அமர்ந்தார் என்பது அக்காலத்திற் சிறு செய்தியன்று.

எந்த நாட்டுச் சேலை?

ஆயில்யம் திருநாள் 1880இல் மறைந்தார். அடுத்த மகாராஜாவுடன் உறவு தளர்ந்தது. ரவிவர்மாவும் அவர் தம்பி சி. ராஜராஜவர்மாவும் பிற அரசுகளை நாடினர். 1881இல் பரோடா, 1885இல் மைசூர் என அழைப்புகள் வந்தன. தம்பியும் தேர்ந்த ஓவியர். அண்ணனின் படங்களிற் பின்னணியைப் பெரும்பாலும் வரைந்தவர். தம் பயணங்களையும் பணிகளையும் நாட்குறிப்பில் எழுதி வைத்தவர். இவ்விருவர் வாழ்வும் இரயில் வண்டியிலும் விருந்தினர் மாளிகையிலும் கழிந்தது.

1888இல் பரோடா அரசர் சாயாஜிராவ் கெய்க்வாட் இதிகாசக் காட்சிகள் பதினான்கை ஐம்பதினாயிரம் ரூபாவுக்கு வரையுமாறு பணித்தார். அப்போது எழுந்தது ஒரு வினா. சீதை எதை உடுத்தாள்? தமயந்தி எவ்வாறு உடுத்தாள்? கேரளத்து நேரியதை உடுத்தினால் வடநாட்டார் அவர்களைத் தம்மவராகக் கொள்வரோ? பாவாடையும் முக்காடும் அணிவித்தால் தென்னாட்டார் ஏற்பரோ? விடை தேடிச் சகோதரர் இருவரும் வடநாடு முழுதும் பயணம் செய்தனர். கோயில்களையும் பழஞ் சிற்பங்களையும் கண்டனர். சந்தைகளில் மக்களை நோக்கினர். நாட்டுக்கு நாடு உடை வேறாயிருந்ததேயன்றி, எல்லார்க்கும் பொதுவான உடை எங்கும் கிடைக்கவில்லை. முடிவில் ரவிவர்மா சேலையைத் தேர்ந்தெடுத்தார். பல பகுதிகளில் உடுக்கப்பட்டதும், மடிப்பும் வீழ்ச்சியும் ஓவியனுக்கு விருந்தாவதும் ஆகிய அவ்வுடை இதிகாச மகளிர்க்கு உரியதாயிற்று. 1890இல் அப்பதினான்கு ஓவியங்களும் நிறைவெய்தின.

இன்றைய சேலைக்கட்டையே ரவிவர்மாதான் கண்டுபிடித்தார் என்று சொல்வாரும் உளர். அது மிகைக்கூற்று. அவருக்கு முன்னரே வங்காளத்தில் சத்தியேந்திரநாத் தாகூரின் துணைவி ஞானதானந்தினி தேவி, பம்பாய்ப் பார்சிப் பெண்டிரிடம் கண்ட முறையைத் திருத்தி, சட்டையும் உட்பாவாடையும் சேர்த்துச் சேலை உடுக்கும் வழக்கத்தைப் பரப்பியிருந்தார். ரவிவர்மா செய்தது வேறு. பல உடைகளுள் ஒன்றாயிருந்த சேலையைத் தெய்வத்துக்கும் அரசிக்கும் உடுத்தி, மதிப்புக்குரிய பெண்ணின் அடையாளம் இதுவே என்று நாடெங்கும் எண்ணச் செய்தார்.

இவ்வேறுபாடுகளை ஒருங்கே கண்டு களித்தவர் அவர் என்பதற்கு, மைசூர் அரசருக்காக 1889இல் வரைந்த இசைமகளிர் கூட்டம் சான்று. பதினொரு பெண்டிர் அதில் ஒருங்கே அமர்ந்தும் நின்றும் காணப்படுகின்றனர். நாயர் மகளும் முஸ்லிம் மகளும் பார்சி மகளும் பிறரும் தத்தம் உடையில் விளங்குகின்றனர். முகங்கள் பெரும்பாலும் உடன்பிறந்தார் முகங்கள் போன்றிருக்க, உடைகளே இவர் இன்னார் என்று பேசுகின்றன.

வராத தந்தை

1893ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சிக்காகோ நகரில் நடந்த உலகக் கண்காட்சிக்குப் பத்து ஓவியங்களை அவர் அனுப்பினார். பல நாட்டுப் பெண்டிரின் இல்லறத் தோற்றங்களே அவற்றிற் பெரும்பாலன. மணமகளை அலங்கரித்தல், கிணற்றடிக்குச் செல்லல், துயரச் செய்தி கேட்டல் என்பன போன்ற காட்சிகள். அவற்றுக்குப் பதக்கம் கிடைத்தது. ஆயினும் நடுவர் அவற்றிற் பாராட்டியது மக்களின வகையை அறிதற்கு உதவும் பயனை. உயர்குலப் பெண்டிரின் முகவகைகளையும், உடையும் புழங்குபொருளும் பிழையின்றிக் காட்டப்பட்டமையையும். கலைஞன் அனுப்பிய ஓவியத்தை அயல்நாட்டார் ஆராய்ச்சிப் பொருளாக ஏற்றனர். இது பெருமையா சிறுமையா என்று மாணவர்கள் வாதிட்டுப் பார்க்கலாம். உடையைத் துல்லியமாக வரைந்தமையே அவரைக் கலைக்கூடத்திலிருந்து பொருட்காட்சி அறைக்கு இறக்கியது என்பது மட்டும் உண்மை.

அப்பத்தனுள் என் நெஞ்சில் நிற்பது, அப்பா வருகிறார் என்னும் பொருள்படும் பெயருடைய ஓவியம். ரவிவர்மாவின் மகள் மகாபிரபா குழந்தையை ஏந்தி நிற்கின்றார். அருகே ஒரு நாய். வரப்போகும் தந்தையை எதிர்நோக்கும் கணம் அது. தந்தை மாத்திரம் படத்தில் இல்லை. ஆங்கிலேய இல்லங்களுக்கு இது வழக்கமான குடும்பக் காட்சி. மருமக்கள் தாய நாட்டிலோ இதன் பொருள் ஆழமானது. அங்கே வீடு தாயினுடையது, கணவன் வருபவன். வருபவனை வீட்டின் நடுவிடத்துக்குரியவனாகக் காட்டும் தலைப்பை அவர் சூட்டினார். கணவன், மனைவி, பிள்ளை என்னும் சிறு குடும்பத்தை நாகரிகமென ஆங்கிலக் கல்வி கற்றோர் பேசத் தொடங்கிய காலம் அது. மூன்றாண்டு கழித்து, 1896இல், மலபார் விவாகச் சட்டம் வந்தது. அக்காலத்தின் இழுபறி முழுவதும் இப்படத்திற் பதிந்துள்ளது. தலைப்பும் நாயும் புதிய குடும்பத்தைப் பேச, தாயின் உடையும் அவள் நிற்கும் உறுதியும் பழைய தாய்வீட்டைப் பேசுகின்றன. மனைவியின் வீட்டில் வாழும் கீழ்க்கரைத் தந்தையர் இப்படத்தை நோக்கினால் சிறிது நகைப்பர், பின்னர்ச் சிந்திப்பர்.

பகீரதி பாய் 1891இலேயே மறைந்திருந்தார். பெரும்பகுதி நாளை வெளியூர்களிற் கழித்த ரவிவர்மாவும் தம் வீட்டுக்கு வருவதாய் இருந்து வாராத தந்தையே. இவ்வெண்ணம் என்னுடையது, ஆயினும் அப்படத்தை நோக்கும்போது இதனை விலக்க என்னால் இயலவில்லை.

அதே பத்தில் ஏழை நாடோடித் தாய் ஒருத்தியும் இடம்பெற்றாள். குழந்தைகளோடு அமர்ந்திருக்கும் அவள் இசைபாடி இரப்பவள். ரவிவர்மா வறியோரைக் கண்ணெடுத்தும் பாராதவர் என்பது பொருந்தாது. எனினும் உயர்குல மகள் தன் இல்லத்தில் இருக்கின்றாள். வறியவளுக்கு அவர் கொடுத்த இடம் தெருவோரம். வறியோர்க்கும் அடுப்பும் திண்ணையும் தொட்டிலும் உண்டு. அவற்றை எழுதுவிக்க அவர்களிடம் பொருள் இல்லை. எழுத வேண்டுமென்று அக்காலத்து ஓவியர்க்குத் தோன்றவும் இல்லை.

கல்லச்சும் காகிதமும்

அரசர் வீடுகளில் மாத்திரம் தொங்கும் படங்களை அச்சிட்டு மக்களிடம் சேர்க்க வேண்டும் என்று, திருவிதாங்கூரிலும் பரோடாவிலும் திவானாயிருந்த சேர் தி. மாதவராவ் முன்னரே அறிவுரை கூறியிருந்தார். 1894இல் பம்பாயில் ரவிவர்மாவின் கல்லச்சுக்கூடம் தொடங்கியது. ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனிக் கல் வேண்டும். ஒரு தாள் பல கற்களின் மீது அழுந்தி எழுந்த பின்னரே சகுந்தலையோ இலக்குமியோ முழுவடிவு பெறுவாள். ஜெர்மன் நாட்டு வல்லுநரின் துணையோடு வேலை நடந்தது. பின்னர் அச்சகம் லோனாவ்லாவுக்கு அருகிலுள்ள மாளவலிக்கு மாற்றப்பட்டது. ஓவியத்தில் வென்றவர் வாணிகத்தில் வெல்லவில்லை. கடன் ஏறியது, 1901இல் அச்சகத்தை ஜெர்மானியராகிய ஷ்லைகரிடம் விற்றுவிட்டார். அவ்வச்சகம் அவர் காலத்துக்குப் பின்னும் நெடுநாள் நடந்து, 1972இல் தீயில் அழிந்தது.

பணம் இழந்தாரேயன்றி எண்ணியது கைகூடியது. உயர்குலத்தாரைத் தவிரப் பிறர் நுழைய முடியாத கோயில்கள் பல இருந்த காலத்தில், சில காசு கொடுத்தவர் எவரும் தெய்வ உருவைத் தம் வீட்டுச் சுவரிற் பெற்றார். வாங்கியோர் வெறுமனே மாட்டி வைக்கவில்லை. சிலர் அச்சுப்படத்துச் சேலையின்மேல் மெய்யான சரிகையையும் பட்டுத் துண்டையும் மின்மினித் தகடுகளையும் ஒட்டி அழகு செய்தனர். மாமன் ஒட்டிய பொன்னை மருமகன் நீக்கினார். மக்கள் அதனைச் சரிகையாக்கி மீண்டும் ஒட்டினர். உருவுக்கு ஓர் உடையேனும் தம் கையால் உடுத்திப் பார்க்கும் விருப்பம் எளியோர்க்கும் உண்டு அன்றோ? இன்னொரு முரணும் உண்டு. அவ்வகைத் தெய்வப் படங்கள் பிற்காலத்தில் ஆலைத்துணி மூட்டைகளின் விற்பனைச் சீட்டுகளிலும் ஏறின. கைத்தறியை நலிவித்த துணி, சேலை உடுத்த தெய்வத்தின் அருளோடு கடைக்கு வந்தது.

இறுதி ஆண்டுகள்

1904இல் வைஸ்ராய் கர்சன் பிரபு அவருக்குக் கைசர்-இ-ஹிந்த் பொற்பதக்கம் வழங்கினார். அப்போது எழுதப்பட்ட பெயரிலேயே இராஜா என்னும் அடைமொழி முதலில் ஏறியது. திருவிதாங்கூர் மகாராஜா மூலம் திருநாள் அதனை ஏற்க மறுத்தார். எண்ணற்றோரை அவர்தம் நிலைக்குரிய ஆடை அணியோடு வரைந்தவர்க்கே, தமக்குரிய நிலை யாது என்பது இறுதியில் வழக்காயிற்று. 1905ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தம்பி மறைந்தார். அத்துயரும் நீரிழிவு நோயும் ஒருங்கே வருத்த, 1906 அக்டோபர் 2ஆம் நாள் ரவிவர்மா காலமானார். வயது ஐம்பத்தெட்டு.

அவ்வாண்டுகளில் நம் நாட்டிலும் உடை பெருவழக்காயிருந்தது. 1883 முதல் 1901 வரை இலங்கையில் நாடுகடத்தப்பட்டு வாழ்ந்த எகிப்திய வீரர் ஒராபி பாஷாவின் செல்வாக்கால், துருக்கித் தொப்பி இலங்கை முஸ்லிம்களின் மதிப்புக்குரிய அணியாகியிருந்தது. 1905இல் வழக்கறிஞர் எம். சி. அப்துல் காதர் அத்தொப்பியுடன் உயர்நீதிமன்றத்தில் தோன்றியதைப் பிரதம நீதியரசர் லேயார்ட் தடுத்தார். அவ்வாண்டு இறுதியில் மருதானைப் பள்ளிவாசல் வளவில் பல்லாயிரவர் கூடி முழங்கினர்; பின்னர் அவ்வுரிமை கிடைத்தது. அதே 1905இல் ஆனந்த குமாரசுவாமி, ஐரோப்பிய உடையைச் சிந்தனையின்றிப் பின்பற்றுவதைக் கண்டிக்கும் இலங்கைச் சமூக சீர்திருத்தச் சங்கத்தை நிறுவினார். ரவிவர்மாவின் ஓவியங்கள் நாடக மேடைக் காட்சிகளைப் போன்றவை, இந்திய உணர்வு அற்றவை என்று கடுமையாகக் கண்டித்தவர்களுள் அவரும் ஒருவர். சேலை உடுத்தினும் அத்தெய்வங்கள் ஐரோப்பிய மேனியரே என்பது அவர் போன்றோரின் குறை.

அக்கண்டனத்தில் உண்மை உண்டு. முழு உண்மை இல்லை. 1979இல் இந்திய அரசு ரவிவர்மாவின் படைப்புகளைத் தேசியக் கலைச்செல்வங்களாக அறிவித்து, அவை நாட்டைவிட்டு வெளியேறாதபடி தடுத்தது. அவர் புகழ் இன்று யாருடைய சான்றிதழையும் வேண்டி நிற்கவில்லை. என் கவலை வேறு. பல்லாயிரம் இல்லங்களுக்குச் சென்ற அவருடைய பெண்ணுருவம் ஒரு வகுப்பாரின் உடையைப் பெண்மையின் பொதுவுடையாக்கியது. அவ்வுடையை ஒருநாள் தாமும் உடுக்கலாம் என்னும் ஆசையை எல்லார்க்கும் தந்தது; இது நன்மை. உடுக்கத் தடையுண்டு துன்புற்றோரின் நினைவை அழகினால் மறைத்தது, இது தீமை. 1859இன் ஆணை பிறரோடு ஒத்திருத்தலைத் தடுத்தது. அவருடைய அச்சுப்படம் ஒத்திருக்குமாறு எல்லாரையும் அழைத்தது. நாற்பது ஆண்டுக்குள் நிகழ்ந்த இம்மாற்றத்தில் அவருக்குப் பங்குண்டு என்பதை மறுப்பது அறமாகாது.

பாடசாலைகளில் இவ்வோவியங்களைக் காட்டும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள் விடுக்கின்றேன். வண்ணத்தையும் ஒளிநிழலையும் சொல்லிக் கொடுங்கள். அத்துடன், இத்துணியை நெய்தவர் யார், வெளுத்தவர் யார், இதனை உடுக்கலாகாதென்று தடுக்கப்பட்டவர் யார் என்னும் மூன்று வினாக்களையும் மாணவர் கேட்கச் செய்யுங்கள். படத்துக்கு வெளியே நிற்கும் அம்மூவரையும் அறிந்த பிறகு அவர்கள் அம்மகளிரின் முகத்தை நோக்கட்டும். ரவிவர்மா வரைந்ததை அப்போது முன்னிலும் நன்றாகக் காண்பர்.